அடுக்களையும் ஆலையும்: இங்கிலாந்தின் இல்ல மதுவாக்கம் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

முதலாம் எலிசபெத் அரசியின் காலத்து இங்கிலாந்தை விவரித்தெழுதிய வில்லியம் ஹரிசன், எசெக்ஸ் பிரதேசத்து றட்விண்டர் என்னும் ஊரின் மதகுருவாக இருந்தவர். 1577இல் வெளிவந்து 1587இல் விரிவாக்கம் பெற்ற அவரது இங்கிலாந்து பற்றிய விவரண நூலிலே, தம் மனைவியும் பணிப்பெண்களும் மாதமொருமுறை வீட்டில் பியர் ஆக்கும் முறையினை மிக்க ஈடுபாட்டோடு கூறிச்செல்கின்றார். முளைக்கவைத்து உலர்த்திய வாற்கோதுமையாகிய மோல்ற் எட்டுப் புசல் எடுத்து வீட்டுத் திரிகையிலேயே அரைக்கின்றனர்; ஆலைக்காரனுக்குக் கொடுக்கவேண்டிய பங்கு இதனால் மிஞ்சுகின்றது. அரைப் புசல் கோதுமை மாவும் அவ்வளவு ஓட்ஸ் மாவும் சேர்த்து, சுடுநீரை மூன்று தடவை வார்த்து வடித்து, ஹொப்ஸ் பூவிட்டுக் காய்ச்சுகின்றனர். கிடைப்பது 200 கலன். செலவுக் கணக்கும் தருகின்றார்: மோல்ற் 10 சிலிங், விறகு 4 சிலிங், ஹொப்ஸ் 20 பென்ஸ், வாசனைப் பொருள் 2 பென்ஸ், பணியாளர் கூலி உணவுட்பட 2 சிலிங் 6 பென்ஸ், பாத்திரங்களின் தேய்மானம் 20 பென்ஸ். மொத்தம் 20 சிலிங்.

பாத்திரத்தின் தேய்மானத்தைக்கூடக் கணக்கிடத் தவறாத இம்மதகுரு, மனைவியின் உழைப்புக்கு ஒரு பென்சும் குறிக்கவில்லை. இது அவரது தனிப்பட்ட கஞ்சத்தனம் அன்று. கூலி பெறும் உழைப்பே உழைப்பெனக் கருதப்படத் தொடங்கிய ஒரு சமூகத்தின் கணக்குமுறை இது. இல்லத்தில் ஆக்கப்பட்ட ஏல், பியர் என்பவற்றின் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் சுவை, செய்முறை, மரபு என்பவற்றோடு அமைந்துவிடுகின்றனர். ஹரிசனின் கணக்கில் விடுபட்டுப்போன அந்த இலக்கத்தைத் தேடுவதே இக்கட்டுரையில் நமது நோக்கமாகும்.

சங்கச் செய்யுள் பயின்றோர்க்கு இச்செய்முறை முற்றிலும் புதிதன்று. அரிசிக் களியோடு நெல்முளையைச் சேர்த்து மதுவாக்கும் செய்தி பெரும்பாணாற்றுப்படையில் உண்டு. இல்லத்தில் ஆக்கிய நெற்கள்ளுக்குத் தோப்பி என்ற பெயரும் அந்நூலிலேயே வருகின்றது. தானியத்தை முளைக்கவைக்கும்போது அதிலுள்ள மாப்பொருள் சீனியாக மாறத்தக்க நிலையை அடைகின்றது. அச்சீனியை மதுவம் நொதிக்கச்செய்கின்றது. வேளாண்மைச் சமூகங்கள் பல இதனைத் தத்தம் வழியிற் கண்டறிந்துள்ளன. ஆனால் அவ்வறிவு எவர் கையில் இருந்தது, எக்காரணத்தால் அக்கையை விட்டு நீங்கிற்று என்பதற்கு இங்கிலாந்தில் உள்ளதுபோன்ற எழுத்துச் சான்றுகள் வேறிடங்களில் அருமையாகவே கிடைக்கின்றன.

மத்தியகால இங்கிலாந்தின் ஏல், ஹொப்ஸ் சேராதது. ஆக்கிய சில நாட்களுக்குள்ளேயே அது புளித்துவிடும். ஆகவே ஒரு வீட்டார் தமக்கெனப் பெரும்பானையில் ஆக்கினால் தாம் அருந்தியது போக எஞ்சியதை உடனடியாக விற்றாக வேண்டும். வாசலில் ஒரு கழியை நாட்டி அதில் இலைக்கொத்தைக் கட்டிவிட்டால் விற்பனைக்கு ஏல் உண்டென்பது ஊருக்குத் தெரியும். அடுத்த வாரம் வேறொரு வீட்டில் அக்கழி நிற்கும். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றிய அப்பம், ஏல் என்பன பற்றிய விலைச் சட்டம் ஏலின் விலையைத் தானிய விலையோடு பிணைத்தது. நிலப்பிரபுவின் நீதிமன்று, ஏல் விற்றோரிடமிருந்து தண்டம் அறவிட்டு வந்தது. தண்டமென்பது பெயரளவிலேயே, உண்மையில் அது அனுமதிக் கட்டணமாகவே செயற்பட்டது. இத்தண்டப் பட்டியல்களை ஆராய்ந்த யூடித் பெனற் என்னும் வரலாற்றாசிரியர் (அவரது நூல் 1996இல் வெளிவந்தது), நோர்தம்ரன்சயர் பகுதியின் பிறிக்ஸ்ரொக் என்னும் ஊரில் 14ஆம் நூற்றாண்டின் பெருங்கொள்ளைநோய்க்கு முன்னர் முந்நூறுக்கு மேற்பட்ட பெண்கள் ஏல் விற்றுள்ளனர் எனக் காட்டினார். அவ்வூர்ப் பெண்களில் அது ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு. அவர்களுட் பலருக்கு இது முழுநேரத் தொழிலன்று. நூல் நூற்றல், கோழி வளர்த்தல் போன்றவற்றோடு அமைந்த ஓர் உபவருமானமே.

மொழியும் இதற்குச் சான்று பகர்கின்றது. ஆங்கிலத்தில் மதுவாக்குநரைக் குறித்த 'புறூஸ்ரர்' என்னும் சொல்லின் ஈறு பழைய ஆங்கிலத்தில் பெண்பாலுக்குரியது. திருமணத்தைச் சார்ந்ததெனப் பொருள்படும் 'பிறைடல்' என்ற சொல் மணப்பெண்ணின் ஏல் விருந்து என்பதிலிருந்து வந்ததே. திருமணம், கோயில் திருப்பணி, அறுவடை ஆகியவற்றுக்கென ஏல் ஆக்கி ஊரார் கூடிப் பணம் சேர்த்துக்கொள்வது வழக்கமாயிருந்தது. சமயச் சீர்திருத்தத்தின் பின்னர்த் தூய்மைவாதிகள் கோயில் ஏல் விழாக்களைக் கடிந்து ஒடுக்கினர்.

பெண்கள் கையிலிருந்த இத்தொழிலை இலக்கியம் எவ்வாறு நோக்கிற்று? செஸ்ரர் நகரின் சமய நாடகமொன்றில் கிறிஸ்து நரகத்துள் இறங்கி ஆன்மாக்களை மீட்டுச் சென்ற பின்னரும் ஏல் விற்றவள் ஒருத்தி நரகத்திலேயே விடப்படுகின்றாள். அளவிற் குறைத்ததும் கலப்படம் செய்ததும் அவளது பாவங்கள். 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜோன் ஸ்கெல்ரன் பாடிய எலினோர் றம்மிங் பற்றிய அங்கதச் செய்யுளில், மதுப்பானைக்கு மேலே கோழிகள் அடைந்து எச்சமிட, அதுவும் ஏலுக்கு உரம் என்கிறாள் அக்கிழவி. கல்விமான்கள் பலர் இச்செய்யுளின் நகைச்சுவையையும் சந்தத்தையும் வியந்துள்ளனர். நாம் அதனை வேறுவிதமாக வாசிக்க விரும்புகின்றோம். எலினோரிடம் வரும் பெண்கள் கையிற் காசின்றி வருகின்றனர். ஒருத்தி தன் திருமண மோதிரத்தைக் கொண்டுவருகின்றாள்; ஒருத்தி கணவனின் தலையணியை; வேறு சிலர் சட்டி பானைகளையும் நூற்புக் கருவிகளையும். கவிஞர் இதனைப் பெண்களின் குடிவெறிக்குச் சான்றாகக் காட்டுகின்றார். ஆனால் பணப்புழக்கம் எட்டாத ஏழைப் பெண்களிடையே பண்டமாற்று எவ்வாறு நடைபெற்றது என்பதற்கு இதனினும் சிறந்த சித்திரத்தை எந்த நீதிமன்ற ஏடும் தருவதில்லை. ஏளனம் செய்யப் புகுந்த கவிஞர் தம்மையறியாமலே ஓர் ஆவணத்தை விட்டுச்சென்றுள்ளார். இத்தொழில் பெண்களின் கையைவிட்டு நழுவிக்கொண்டிருந்த காலத்தில் இவ்வசை பாடப்பட்டது என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

நழுவியதற்குக் காரணம் ஹொப்ஸ் என்றே பொதுவாகக் கூறுவர். அது பாதி உண்மை. 14ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் நெதர்லாந்துப் பகுதிகளிலிருந்து பியர் இங்கிலாந்துக்கு வரத்தொடங்கியது. 15ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து குடியேறியோர் இலண்டனிலேயே அதனை ஆக்கினர். ஹொப்ஸ் பூவின் கைப்புச்சத்து நுண்ணுயிர்கள் சிலவற்றைத் தடுப்பதால் மது கெடாது நிற்கும். 1574இல் ஹொப்ஸ் பயிர்ச்செய்கை பற்றி நூலெழுதிய றெஜினோல்ட் ஸ்கொட், ஒரு புசல் மோல்ற்றில் 8 அல்லது 9 கலன் ஏல் மாத்திரமே பெறலாமென்றும், ஹொப்ஸ் சேர்த்தால் 18 முதல் 20 கலன் வரை நல்ல பியர் பெறலாமென்றும் கணக்கிட்டார். நீண்டநாள் கெடாது நிற்கும் பொருளைத் தொலைவுக்கு அனுப்பலாம், சேமிக்கலாம், விலையேறும்வரை காத்திருக்கலாம். ஆனால் காத்திருப்பதற்கு முதல் வேண்டும். மார்க்ஸ் 'மூலதனம்' இரண்டாம் பாகத்தில் உற்பத்திக் காலத்தையும் உழைப்புக் காலத்தையும் வேறுபடுத்துமிடத்து, பிழிந்த திராட்சைச் சாறு நொதித்து அடங்கும்வரை கிடக்கவேண்டியிருப்பதை உதாரணமாகக் காட்டுவார். அக்காலம் முழுவதும் முதல் முடங்கிக் கிடக்கின்றது. செவ்வாய்க்கிழமை ஆக்கியதை வெள்ளிக்கிழமைக்குள் விற்றாகவேண்டிய பிறிக்ஸ்ரொக் பெண்ணால் அவ்வாறு முடக்கிவைக்க இயலுமா? செப்புக் கொப்பரை, பீப்பாய்கள், நிலவறை, கடன் ஆகியன ஆண்களின், அதிலும் வசதிபடைத்த ஆண்களின் எல்லைக்குட்பட்டவை. ஹொப்ஸ் வாய்ப்பைத் தந்தது. அதனைப் பயன்படுத்தும் ஆற்றல் சொத்துறவினால் முன்னரே பங்கிடப்பட்டிருந்தது.

1720களில் இலண்டனில் வளர்ந்த போர்ட்டர் என்னும் கருநிற பியர் இப்போக்கின் உச்சம். மாதக்கணக்கிற் பெருந்தொட்டிகளில் முதிர்ந்தாலே அது சிறப்புறும். 1742இல் இத்தொழிலில் இறங்கிய சாமுவேல் விற்பிறெட்டின் ஆலை 1785இல் நீராவி எந்திரத்தைப் பொருத்தியது. 1796இல் அது ஓராண்டில் 2 இலட்சம் பீப்பாய்களுக்கு மேல் ஆக்கியது. பீப்பாய்க்கு 36 கலனாகக் கொண்டால், ஹரிசனின் வீட்டைப்போன்ற மூவாயிரம் வீடுகளின் ஆண்டு முழுவதற்குமான உழைப்பு அது. தொட்டிகளின் பருமனே முதலாளிகளிடையே போட்டிப்பொருளாயிற்று. 1814 ஒக்டோபர் 17இல் மியூ நிறுவனத்தின் பெருந்தொட்டி வெடித்து, சென் ஜைல்ஸ் சேரியின் குடிமனைகளுட் பியர் வெள்ளம் பாய்ந்ததில் எட்டுப்பேர் மாண்டனர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். விசாரணை அதனைத் தெய்வச் செயலென முடித்தது. கொட்டிப்போன பியருக்குச் செலுத்திய தீர்வையை நிறுவனம் திரும்பப் பெற்றுக்கொண்டது.

நாட்டுப்புறத்தில் இல்ல மதுவாக்கம் 18ஆம் நூற்றாண்டிலும் அழிந்துவிடவில்லை. பருவத்தோடு அது பின்னியிருந்தது. கோடை வெப்பத்தில் மது கெடுமாதலால் ஒக்டோபரிலிருந்து மார்ச் வரையிலேயே கெட்டியான ஏல் ஆக்குவர். பவேரியாவில் 1553ஆம் ஆண்டின் ஆணை, செப்டெம்பர் 29இலிருந்து ஏப்ரல் 23 வரை மாத்திரமே ஆக்கலாமெனச் சட்டமாகவே விதித்தது. இங்கிலாந்தில் அது வழக்கமாய் நின்றது. பிரபுக்களின் மாளிகைகளில் ஒக்டோபர் ஏலை ஆண்டுக்கணக்கிற் சேமித்து வாரிசின் 21ஆம் பிறந்தநாளுக்குத் திறப்பர். அதே மோல்ற்றில் மறுபடி நீர்வார்த்து எடுத்த மென்பியர் வேலையாட்களுக்கு. ஒரே பானையின் முதல் வடி எசமானுக்கும் கடைசி வடி உழைப்பவனுக்கும் சென்றதை வர்க்க உறவின் உவமையாகக் கூறவேண்டியதில்லை. அது வர்க்க உறவேதான். அறுவடைக்காலத்தில் கூலியின் ஒரு பகுதி பியராகவே கொடுக்கப்பட்டது. 1887ஆம் ஆண்டின் சட்டம் பண்ணைத் தொழிலாளருக்கு மதுவைக் கூலியாக வழங்குவதைத் தடைசெய்தது.

வரியும் பாரபட்சமாகவே அமைந்தது. 18ஆம் நூற்றாண்டில் விற்பனைக்கான பியர்மீது தீர்வை உண்டு. வீட்டில் ஆக்கி அருந்துவோர் அத்தீர்வைக்கு உட்படார். மோல்ற் வரி தனியே இருந்தது. கொப்பரையும் நிலவறையும் உள்ள கனவான் ஒரு வரியோடு தப்பினான். அவை இல்லாத தொழிலாளி பானசாலைக்குச் சென்று இரண்டையும் செலுத்தினான். 1830 வரை இந்நிலை நீடித்தது.

வில்லியம் கொபெற் 1821, 1822ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட 'குடிசைப் பொருளாதாரம்' இவ்விடத்து நம் கவனத்துக்குரியது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் தொழிலாளர் வீடுதோறும் பியர் ஆக்கினர். இன்று எவருமில்லை என அவர் சீறுகின்றார். மோல்ற் வரியை அவர் சாடுவது முற்றிலும் நியாயம். ஆனால் தேநீரையும், தேநீர் போடும் பெண்களையும் அவர் வசைபாடும்போது ஸ்கெல்ரனின் குரலே மீளவும் கேட்கின்றது. ஹரிசனின் கணக்கில் விறகு 4 சிலிங், மொத்தத்தில் ஐந்திலொன்று, என்பதை நினைவுகூர்க. பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டபோது ஏழைகள் சுள்ளி பொறுக்கும் உரிமையை இழந்தனர். பல மணிநேரம் எரியும் அடுப்பு அவர்களுக்கு எட்டாததாயிற்று. ஒரு கேத்தல் நீரைக் கொதிக்கவைக்கச் சிறு தீ போதும். 1784இல் தேயிலைத் தீர்வையும் 119 வீதத்திலிருந்து 12.5 வீதமாகக் குறைக்கப்பட்டிருந்தது. கிழக்கிந்தியக் கம்பனி சீனத்திலிருந்து கொணர்ந்த அத்தேயிலையின் இடத்தை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியத் தேயிலையும், 1867இல் லூல்கந்துரையில் தொடங்கிய நமது மலையகத் தேயிலையும் பிடித்தன. இங்கிலாந்துத் தொழிலாளியின் மனைவி இழந்த அடுப்பின் தொடர்ச்சியை மலையகத் தமிழ்ப் பெண்ணின் கூடையிலே காண்பது மிகையன்று.

1880இல் கிளாட்ஸ்ரன் மோல்ற் வரியை நீக்கிப் பியருக்கே தீர்வை விதித்தபோது வீட்டில் ஆக்குவோர் அனுமதிப்பத்திரம் பெறவேண்டியவராயினர். 1870களில் லிண்டேயின் குளிரூட்டும் பொறி பருவத்தின் பிடியைத் தளர்த்தியது. பஸ்ரரின் 1876ஆம் ஆண்டு நூல் மது கெடுவதன் காரணத்தை விளக்கியது. 1883இல் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் ஹான்சன் தூய மதுவத்தைப் பிரித்தெடுத்தார். அயல்வீட்டாரிடம் இரவல் பெற்று வந்த மதுவமும் இவ்வாறு ஆய்வுகூடத்தின் உடைமையாயிற்று.

அனுமதிப்பத்திர முறையை நிதியமைச்சர் மோட்லிங் 1963இல் நீக்கிய பின் இல்ல மதுவாக்கம் புத்துயிர் பெற்றது. இன்று போத்தலில் அடைக்கும் முறை எவரும் கற்கத்தக்கது. நொதித்து அடங்கிய ஏலில் லீற்றருக்கு ஐந்தாறு கிராம் சீனியைக் கரைத்து, போத்தலில் நிரப்பி மூடிவிட்டால், எஞ்சிய மதுவம் அச்சீனியை உண்டு வாயுவை வெளிவிடும். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் நுரை அமையும். நொதித்தல் முடியுமுன் அவசரப்பட்டு அடைத்தால் போத்தல் வெடிக்கும். இவ்வறிவு பழையதே. 1615இல் மார்க்கம் 'ஆங்கில இல்லத்தரசி'யில், தக்கையைக் கயிற்றால் இறுகக்கட்டிப் போத்தல்களைக் குளிர்ந்த நிலவறை மணலில் நிறுத்தக் கற்பித்தார். கண்ணாடிமீதான தீர்வை 1845இல் நீங்கும்வரை போத்தல் செல்வர் பொருளாகவே இருந்தது; 1892இல் பெயின்ரர் காப்புரிமை பெற்ற நெளிவுத் தகரமூடி அதனை எளிதாக்கியது.

எனினும் இதனை மரபின் மீட்சி எனக் கொண்டாடுவாரோடு நாம் உடன்படுவதற்கில்லை. மோல்ற்றும் மதுவமும் ஆலையிலிருந்து பொதியாக வருகின்றன. ஆக்குவோர் பெரும்பாலும் ஆண்கள். ஓய்வுநேரமும் உபரி வருமானமும் உடையோர். சுவையில் அவர்கள் பெருநிறுவனங்களை விஞ்சக்கூடும். அத்திறனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் பிரித்தானியாவில் சொந்தப் பாவனைக்கென எத்தனை கலனும் தீர்வையின்றி ஆக்கலாம், விற்கலாகாது. பிறிக்ஸ்ரொக் பெண்களோ விற்றே வாழ்ந்தனர். ஐக்கிய அமெரிக்காவில் 1978இல் காற்றர் கையொப்பமிட்ட சட்டம், வயதுவந்தோர் இருவரோ அதற்கு மேலோ உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 கலன் என எல்லை வகுத்தது, அதுவும் விற்பனைக்கன்று. ஹரிசனின் மனைவி ஒரு மாதத்தில் ஆக்கிய அளவு அது.