கண்டி நாட்டு உணவில் தேங்காய்த் துருவல்

கண்டி இராச்சியத்தின் வரலாற்றை எழுதினோர் அரசரையும் போரையும் உடன்படிக்கைகளையும் விரித்துரைத்தனர். அடுக்களையை எட்டிப் பார்த்தவர் சிலரே. மலைநாடு தன் வாழ்வுக்குக் கடலோரத்தை எவ்வளவு நம்பியிருந்தது என்பதை அரண்மனை ஏடுகளைக் காட்டிலும் உணவுத் தட்டு தெளிவாகக் காட்டும் என்பது என் துணிபு. அத்தட்டில் நாள்தோறும் இடம்பெறும் தேங்காய்த் துருவலை, ஈழத்து வழக்கிற் கூறின் தேங்காய்ப்பூவை, சான்றாகக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

தென்னை கடலோரத்தை விரும்பும் மரம். ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் அது வளரும், காய்க்கும். ஆயின் குருநாகல், சிலாபம், புத்தளம் ஆகிய பகுதிகளிற் காணும் செழிப்பு அங்கில்லை. நுவரெலியாவின் குளிரிலோ அதனை எதிர்பார்ப்பதே வீண். ஆகவே கண்டியர் வீட்டுத் தோட்டங்களிற் பலா, கமுகு, கித்துள் ஆகியவற்றினிடையே சில தென்னைகளே நின்றன. 1660 இற் சிறைப்பட்டு, இரண்டாம் இராசசிங்கன் ஆட்சியிற் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாக மலைநாட்டில் வாழ்ந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், உடுநுவரையிலுள்ள எலதெத்தவில் ஒரு காணி வாங்கினார். 1681 இல் வெளிவந்த தமது நூலில், அக்காணியில் ஏறக்குறைய எட்டுத் தென்னைகள் நின்றனவென்றும், விலை 25 இலாறின் என்றும் எழுதுகின்றார். காணியின் தகுதியைக் கூறுங்கால் வயலுக்கு வேண்டும் விதையின் அளவோடு தென்னைகளையும் எண்ணிச் சொல்லுதல் நோக்கற்பாலது. கரையோரத்துத் தோப்புகளில் எட்டு மரத்தை எவரும் பொருட்படுத்தி எழுதியிரார்.

இனித் துருவும் கருவியைக் காண்போம். சிங்களவர் இதனை ‘ஹிரமணய’ என்பர்; தமிழர் திருவலை, துருவலை, துருவி எனப் பலவாறு வழங்குவர். (சிங்களச் சொல்லின் ஈறு நம் ‘மணை’யை நினைவூட்டுவது உண்மையே, ஆயினும் ஒலியொப்புமை ஒன்றையே பற்றிச் சொல்வரலாறு எழுதும் நண்பர்களின் வழியைப் பின்பற்ற யான் விரும்பவில்லை.) தாழ்ந்த மரப்பலகையின் முனையிற் பல்லமைந்த இரும்பு அலகு பொருத்தப்பட்டிருக்கும். பலகைமீது அமர்ந்து, உடைத்த தேங்காய்ப் பாதியை இரு கைகளாலும் பற்றிச் சுழற்றத் துருவல் வெண்பூவாய் உதிரும். சிரட்டையை ஒட்டிய கபிலநிறத் தோல் கலவாமல் நிறுத்துவதே கைத்திறன். இத்தகைய கருவி ஈழத்துக்கு மட்டும் உரியதன்று. 1344 இல் இத்தீவுக்கு வந்து சிவனொளிபாத மலை ஏறிய இபன் பதூதா, அரபு நாட்டுத் தோபார்க் கரையைப் பற்றி எழுதுமிடத்து, இருக்கை போன்றதொரு கருவியில் அமர்ந்து இரும்பு முனையாற் றேங்காயின் உட்பகுதியைச் சுரண்டி, நீர் சேர்த்துப் பாலெடுக்கும் முறையை விவரித்துள்ளார். இந்துமாக்கடலைச் சுற்றி வாழ்ந்த பல இனத்தவரின் பொதுச்சொத்து இக்கலை.

துருவலினின்று முதலிற் பிழிவது முதற்பால். மீண்டும் நீர்விட்டுப் பிழிவது இரண்டாம் பால். ஈற்றில் வருவது கப்பிப்பால். சிங்களவர் தடித்த பாலை ‘மிட்டி கிரி’ என்றும், நீர்த்த பாலை ‘திய கிரி’ என்றும் பிரிப்பர். நீர்த்த பாலிற் காயை வேகவைத்து, இறக்குமுன் முதற்பால் சேர்ப்பது இரு சாராருக்கும் பொதுமுறை. துருவலைக் கருக வறுத்து அரைத்துப் பலாக்காய்க் கறிக்கு இடுவது சிங்களச் சமையலின் தனிச்சிறப்பு. பிழியாது அப்படியே சேர்க்கும் உணவுகளுள் முதன்மையானது ‘மல்லுங்’. வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கை போன்ற இலைகளை மிக நுண்ணிதாக அரிந்து, துருவலும் மஞ்சளும் உப்புஞ் சேர்த்து, எண்ணெயின்றிச் சிறிதுநேரம் சூடேற்றி இறக்குவர். யாழ்ப்பாணத்து வறை இதற்கு நெருங்கிய உறவு, தாளிதமே வேறுபாடு.

கிழக்கே இந்துக்கள் பெரும்பான்மையினராய் வாழும் பாலித் தீவிலும் இதன் ஒப்புமை உண்டு. அங்கு ‘உராப்’ என்பது வேகவைத்த இலை, காய்களோடு பதப்படுத்திய தேங்காய்த் துருவலைப் பிசைந்தது. ‘லாவார்’ என்பது துருவலோடு கொத்திய இறைச்சியும் காயுங் கலந்தது. கோயில் விழாக்களுக்கான லாவாரை ஊர் ஆடவர் கூடிக் கொத்திச் சமைப்பது அத்தீவின் வழக்கம். நம் நாட்டிலோ திருவலை பெரும்பாலும் பெண்டிர்க்கென்றே ஒதுக்கப்பட்டது.

மலாய், யாவா மொழிகளிற் ‘சம்பல்’ என்பது மிளகாயை முதலாகக் கொண்ட துவையல்; தேங்காய் அதற்கு இன்றியமையாததன்று. ஈழத்திலோ சம்பல் என்றதும் துருவலே நினைவுக்கு வருகின்றது. அதனைச் சிவப்பாக்கும் மிளகாய் அமெரிக்காவிற் றோன்றி, போர்த்துக்கேயர் காலத்தில் இங்கு வந்தது. அதற்கு முன்னர்க் காரத்துக்கு மிளகே உதவியது. மாசி மாலைதீவிலிருந்து வந்தது. உப்போ கடலினது. 1766 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஒல்லாந்தர் தீவின் கரையோரம் முழுவதையுங் கைப்பற்றியபொழுது, கண்டி மக்கள் சில உப்பளங்களிற் றடையின்றி உப்பெடுக்கலாம் என்றும் அதில் எழுதவேண்டியதாயிற்று. மாணவர் மனனஞ் செய்யும் அவ்வுடன்படிக்கையின் இவ்விதியே ஒவ்வொரு கண்டிக் குடிசையையும் நேரே தொட்டது. தேங்காய் கொல்லையில் இருந்தும் உப்பில்லையேல் சம்பலில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கெனத் தமிழகத்தினின்று வந்தோர், மன்னார்க் கரையிறங்கித் தம்புள்ளை, மாத்தளை வழியே நடந்து மலையேறினர்; பலர் வழியிலேயே மாண்டனர். 1867 இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரவிற் றேயிலை பயிரிட்டார். அதே ஆண்டில் புகைவண்டி கண்டியை அடைந்தது. லயத்து அறையில் வாழ்ந்தவர்க்கு எட்டுத் தென்னை நிற்கும் காணி ஏது? சிங்களக் குடியானவன் மரத்திற் பறித்ததைத் தோட்டத் தொழிலாளி காசு கொடுத்துக் கடையில் வாங்கினான். 1942 இல் பர்மா யப்பானியர் கைப்பட, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. உணவுப் பங்கீடு வந்தது. கோதுமை மா பரவலாயிற்று. துருவல் பிசைந்த ரொட்டியும் அம்மியில் அரைத்த சம்பலும் தோட்டத்து மக்களின் அன்றாட உணவாய் நிலைபெற்றமைக்கு இம்மாற்றம் பெருங்காரணம் என்பேன். ‘தோட்டத்துச் சாப்பாடு’ என்று அதனை எளிதாய் நகையாடுவோர், அது விரும்பித் தேர்ந்த உணவன்று என்பதை நினையார்.

2024 செப்டெம்பரிற் றோட்டத் தொழிலாளரின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்டது. சில மாதங்களில், 2025 தொடக்கத்தில், ஒரு தேங்காயின் விலை 200 ரூபாவைக் கடந்தது. ஒருநாட் கொழுந்தின் அடிப்படைக் கூலியில் ஏழிலொரு பங்குக்குங் கூடுதலாக ஒரு காய்க்கே சென்றது. ஒருவேளைக்குப் பாதியே துருவும் வீடுகளிற் கண்ணுள்ள பாதி விரைவிற் பழுதாகுமென்று அதனை முதலிற் செலவிட்டு, மற்றப் பாதியை அடுத்த நாட் காலை ரொட்டிக்கென எடுத்து வைப்பர்.