டச்சு மொழியில் ‘வ்ராகென்’ வினையின் இறந்தகாலம்

டச்சு மொழியில் ‘வினவுதல்’ என்னும் பொருளில் அன்றாடம் வழங்கும் வினை ‘வ்ராகென்’ என்பதாகும். இதன் இறந்தகால வினைமுற்று ‘வ்ரூக்’. துணைவினையோடு சேர்ந்து வரும் இறந்தகால எச்சம் ‘கெவ்ராக்ட்’. ஒரே வினைக்குரிய இவ்விரு வடிவங்களும் வெவ்வேறு நெறியின என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

செர்மானிய மொழிகளின் வினைகளை யாகோப் கிரிம் (1785–1863) வல்வினை, மெல்வினை எனப் பகுத்தார். தமிழ் வினைகளுக்கு இப்பெயர்கள் வழங்கும் பொருள் வேறு. அங்கு, வேரின் உயிர் திரிந்து இறந்தகாலம் காட்டுவது வல்வினை. பின்னொட்டு ஏற்றுக் காட்டுவது மெல்வினை. ஒழுங்கற்ற பழைய வல்வினைகள் காலப்போக்கில் மெல்வினைகளாக மாறுவதே பெருவழக்கு. இதனை விதியெனவே கொள்வாரும் உளர். அக்கருத்தை மறுக்கும் சான்றாக ‘வ்ராகென்’ நிற்கிறது.

இடைக்கால டச்சில் இது மெல்வினையே. 1637இல் வெளிவந்த அரசவை விவிலிய மொழிபெயர்ப்பிலும் ‘வ்ராக்டெ’ என்னும் பின்னொட்டு வடிவமே பயில்கிறது. பின்னர் அதனை வென்று நிலைத்த ‘வ்ரூக்’ ஒப்புமையாக்கத்தால் பிறந்தது. ‘சுமத்தல்’ என்னும் பொருளுடைய ‘ட்ராகென்’ தொன்மையான வல்வினை. அதன் இறந்தகாலம் ‘ட்ரூக்’. நிகழ்கால ஓசை ஒத்திருந்தமையால், மக்கள் நா இறந்தகாலத்தையும் ஒத்ததாக்கிற்று. ‘வ்ரூக்’ என்பதற்கு ‘காலத்தால் முந்திய’ என்னும் பொருளும் உண்டு. அம்மயக்கமும் இம்மாற்றத்தைத் தடுக்கவில்லை.

எனினும் ஒப்புமை பாதியிலேயே நின்றுவிட்டது. ‘ட்ராகென்’ வினையின் எச்சம் ‘கெட்ராகென்’. அதுபோலக் ‘கெவ்ராகென்’ என்பது பொதுவழக்கில் தோன்றவில்லை. வினையின் பிறப்பைக் காட்டும் தடயம் எச்சத்திலேயே எஞ்சியுள்ளது. ‘வேட்டையாடுதல், துரத்துதல்’ எனப் பொருள்படும் ‘யாகென்’ வினையும் இத்தகையதே. அதில் ‘யாக்டெ’, ‘யூக்’ ஆகிய இரண்டும் இன்றும் வழங்குகின்றன; வேட்டைப் பொருளில் முன்னதும் துரத்தற் பொருளில் பின்னதும் மிகுதி.

செருமன் மொழியிலும் ‘ஃப்ரூக்’ என்னும் வல்வினை வடிவம் 18, 19ஆம் நூற்றாண்டு எழுத்துகளில் தலைகாட்டியது. ஆயினும் பொதுமொழி ‘ஃப்ராக்டெ’ என்னும் பழைய வடிவையே ஏற்றது. ஆகவே ஓசை ஒப்புமை மாற்றத்திற்கு வாயில் திறக்குமேயன்றி அதன் வெற்றியை உறுதிசெய்யாது எனல் பொருந்தும்.

டச்சினின்றும் கிளைத்த ஆப்பிரிக்கான்சு, சில வினைகள் நீங்கலாக, இறந்தகால முற்றுவடிவங்களை இழந்தது. அங்கு ‘வ்ரூக்’ இல்லை. ஒப்புமை தீண்டாத பழைய எச்சமே ‘கெவ்ரா’ எனத் தேய்ந்து, துணைவினையோடு இறந்தகாலம் உணர்த்துகிறது.