காலமறிந்து செயற்படும் பரம்பரையலகு

கண்டாவளை வயல்களில், இரணைமடுக் குளத்து நீரால் விளையும் நெல்லுக்கு எலி என்றும் பகையே. ஆயினும், எலியினத்துட் சிறியதாகிய சுண்டெலி ஆண்மலடு பற்றிய அறியாமையை அகற்றுவதற்கு ஆற்றிய துணை பெரிது. அவ்வரலாறு ஆற்றுமீன் ஒன்றில் தொடங்குகின்றது.

1874 இல் பாசல் நகரில் பிரீட்ரிக் மீஷர், ரைன் ஆற்றுச் சாமன் மீனின் விந்துக்கலங்களிலிருந்து காரத்தன்மையுள்ள பொருளொன்றைப் பிரித்தெடுத்துப் புரோட்டமீன் எனப் பெயரிட்டார். 1884 இல் அல்பிரெக்ட் கொசெல் இசுத்தோனைக் கண்டறிந்தார். ஏனைய கலங்களில் டி.என்.ஏ. இழையைத் தாங்குவது இசுத்தோன். முதிர்ந்த விந்துக்கலத்தில் அதனை இறுகப் பொதிவது புரோட்டமீன். ஒன்று நீங்கி மற்றொன்று புகுவது எப்போது, எவ்வாறு என்பதே வினா.

1956 இல் ஓக்பேர்க், சுண்டெலியின் விந்தாக்க வட்டத்தைப் பன்னிரு நிலைகளாகவும், விந்தாகு கலத்தின் உருமாற்றத்தைப் பதினாறு படிகளாகவும் வகுத்தார். ஏறத்தாழ 35 நாட்களில் நிறைவுறும் இவ்வளர்ச்சிக்கு நாட்காட்டி ஒன்று அமைந்தது.

கரு இறுகியபின் பரம்பரையலகுகளைப் படியெடுத்தல் இயலாது. அங்ஙனமாயின் கருவை இறுக்கும் புரோட்டமீன் எவ்வாறு ஆக்கப்படுகின்றது? 1984 இல் கிளீன், டிஸ்டெல், ஹெக்ட் ஆகியோரின் ஆய்வு விடை பகர்ந்தது. உருண்டை வடிவக் கலத்திலேயே தூது ஆர்.என்.ஏ. ஆக்கப்பட்டுச் சில நாட்கள் வாளாது வைக்கப்படுகின்றது. கலம் நீளும்போதே அது புரதமாகின்றது. விதைநெல்லைப் பருவம் வருமளவும் பேணும் உழவன் செயலை இஃது ஒக்கும். பருவந் தப்பின் விளைவு யாது என்பதை 1995 ஆம் ஆண்டின் ஆய்வொன்று காட்டிற்று: புரோட்டமீன் முற்பட ஆக்கப்பட்ட சுண்டெலிகளில் கரு உரிய காலத்துக்கு முன்னரே இறுகி, விந்தாக்கம் தடைப்பட்டது.

இசுத்தோனுக்கும் புரோட்டமீனுக்கும் இடையே இடைமாற்றுப் புரதங்கள் வந்து செல்கின்றன. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் எம். ஆர். எஸ். ராவ் குழுவினர் எலிகளில் இவற்றை நுணுகி ஆராய்ந்தமை இவ்வரலாற்றில் நம் அயலகத்தின் பங்காகும்.

2001 இல், இருவகைப் புரோட்டமீன்களுள் எதற்கேனும் உரிய பரம்பரையலகின் ஒரு படி மட்டும் குறைந்தாலும் ஆண் சுண்டெலி மலடாகும் என ஆய்வொன்று அறிவித்தது. சுண்டெலிக்குப் பொருந்துவதெல்லாம் மனிதனுக்கு அவ்வாறே பொருந்தும் எனல் தவறு. எனினும், மலடுற்ற ஆடவர் சிலரின் விந்துக்கலங்களில் இவ்விரு புரோட்டமீன்களின் விகிதம் பிறழ்ந்திருத்தலும் அறியப்பட்டுள்ளது.

பிள்ளையில்லாக் குறைக்குப் பெண்ணையே பழித்து, மலடி என்னும் சொல்லை அவள்மேற் சுமத்திய சமூகம் நமது. அப்பழிக்கு அடிப்படையில்லை என்பதை அறிவியல் காட்டிவிட்டது. அதனை ஊரறியச் சொல்லுதல் கற்றோர் கடன்.