எர்த்து பட்டையின் கதை

பழைய பிக்கப் வண்டி காலையில் செல்ஃப் எடுக்கலைன்னா எங்க ஊர்ல முதல் கேள்வி, "பேட்டரி போட்டு எத்தனை வருஷம் ஆச்சு?" ரெண்டாவது கேள்வி, "எர்த்து பாத்தியாப்பா?" இந்த ரெண்டாவது கேள்வியைக் கேக்குற ஆளுங்க இப்போ குறைஞ்சுட்டாங்க. வண்டி கம்ப்யூட்டர்மயம் ஆயிட்டதால பழைய வண்டியையும் பார்ட்ஸ் மாத்தி மாத்தியே சரிபண்ணப் பாக்குறாங்க. கையைக் கடிக்குது.

அந்தப் பேரே ஒரு வேடிக்கை. நாலு ரப்பர் டயர் மேல நிக்கிற வண்டிக்கும் மண்ணுக்கும் ஒட்டே கிடையாது. அப்புறம் எங்கே வந்தது எர்த்து? தந்திக்காரங்க விட்டுட்டுப் போன பேர் அது. தந்திக்கு ஆரம்பத்தில் போக ஒரு கம்பி, திரும்பி வர ஒரு கம்பி வேண்டியிருந்தது. ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல் என்பவர் ரயில் தண்டவாளத்தையே கம்பியாக்க முடியுமா என்று சோதித்துப் பார்த்தார். 1838ல் நடந்த அந்தச் சோதனையில், திரும்பி வர்ற வேலையை மண்ணே செஞ்சுடும்னு தெரிஞ்சுபோச்சு. ரெண்டு முனையிலும் தகடு புதைச்சா போதும். ஒரு கம்பி மிச்சம்.

மோட்டார் வண்டியிலும் அதே சிக்கனம்தான். மண்ணுக்குப் பதிலா இரும்புச் சேஸிஸ். பேட்டரியோட ஒரு முனையைச் சேஸிஸில் கட்டிட்டா ஒவ்வொரு பல்புக்கும் ஒரே ஒயர் போதும், திரும்புறதை வண்டியோட உடம்பு பாத்துக்கும். கிணத்து மோட்டாருக்கு நாம புதைக்கிற எர்த்து வேற. அது ஆபத்துக்குன்னு சும்மா காத்திருக்கும், அதுல சாதாரணமா கரண்ட் ஓடாது. வண்டியில எர்த்துங்கறது பாதி ரோடு. போன கரண்ட் முழுக்க அதுலதான் திரும்பியாகணும்.

லைட்டும் ஹாரனும் மட்டும் இருந்தவரைக்கும் இதுல பெரிய வம்பில்லை. சில ஆம்பியர் கணக்குதான். வம்பு செல்ஃபோடு வந்தது. அதுக்கு முன்னாடி முன்பக்கம் ஹேண்டில் போட்டுத்தான் சுத்தணும். இஞ்சின் திருப்பி உதைச்சா மணிக்கட்டு போயிடும். 1912 மாடல் கெடிலாக் காரில்தான் சார்லஸ் கெட்டரிங் செய்த மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. மனுஷன் அதுக்கு முன்னாடி கடைக் கல்லாப்பெட்டி மிஷினுக்கு மோட்டார் வெச்சவர். கல்லா மோட்டார் நாள் பூரா ஓட வேண்டாம், ஒரு நொடி பலமா இழுத்தா போதும். அதே யோசனையை இஞ்சினுக்குக் கொண்டுவந்தார். சின்ன மோட்டார், கொஞ்ச நேரம், ஆனா அள்ளிக் குடிக்கும். நம்ம டீசல் பிக்கப்பில் செல்ஃப் சுத்தும்போது இருநூறு ஆம்பியருக்கு மேலேயே இழுக்கும்.

அடுத்தது ரப்பர். இஞ்சின் ஆட்டம் உள்ளே உக்காந்திருக்கிறவனுக்குத் தெரியக்கூடாதுன்னு இஞ்சினை ரப்பர் மேல உக்கார வெச்சாங்க. 1931ல் அமெரிக்காவின் பிளைமவுத் கார் இதையே பெரிய பெருமையா விளம்பரம் பண்ணி வித்தது. ரப்பர் கரண்ட்டை விடாது. செல்ஃப் மோட்டார் இருக்கிறது இஞ்சின்ல, பேட்டரி எர்த்து இருக்கிறது சேஸிஸ்ல. நடுவுல ஒரு பாலம் வேணும். அந்தப் பாலம்தான் செம்புக் கம்பியில் சடை மாதிரிப் பின்னிய எர்த்து பட்டை. சொகுசா உக்காந்து போகக் கொடுத்த விலைன்னுகூடச் சொல்லலாம்.

ரெண்டாம் உலகப்போர் வில்லீஸ் ஜீப்பில் இந்தப் பட்டையை இன்னும் தாராளமா போட்டிருந்தாங்க. ஒயர்லெஸ் பெட்டியில் இரைச்சல் வரக்கூடாதுன்னு பானட்டையும் பாடியையும்கூடப் பட்டை போட்டு இணைச்சிருந்தாங்க. அது 6 வோல்ட் வண்டி, ஹேண்டில் போட ஓட்டையும் உண்டு. போர் முடிஞ்சு மகிந்திரா இங்கே பூட்டி வித்தது அந்த வில்லீஸ் ஜீப்பைத்தான். நம்ம ஊர் பிக்கப்புக்கு ஒருவகையில் பாட்டன்.

டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது, சிலிக்கான் டயோடு வந்த பிறகு. 1960 மாடல் வேலியன்ட் காரில் கிரைஸ்லர் அதை எல்லா வண்டிக்கும் போட்டது. பிரிட்டிஷ் வண்டிகளில் 60கள் வரைக்கும் பாசிட்டிவ்வைத்தான் பாடியில் கட்டுவாங்க. ஆல்டர்னேட்டர் பரவினபோது அதுவும் நெகட்டிவ்வுக்கு மாறிடுச்சு. பாடியில் லூகாஸ் டிவிஎஸ் தொடங்கினது 1961ல். (இந்தப் பாடி சென்னையில இருக்கிற ஊர், வண்டி பாடி இல்லை.) எங்க பக்கம் ஆல்டர்னேட்டரை இன்னைக்கும் டைனமோன்னுதான் சொல்றாங்க.

இப்போ பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வண்டிக்கு வர்றேன். தக்காளி ஏத்துற பழைய பிக்கப். சில நாள் எடுக்கும், சில நாள் கடக்குன்னு ஒரு சத்தத்தோட நின்னுடும். புது பேட்டரி போட்டாச்சு, செல்ஃபைக் கழட்டி ஆர்மேச்சர் கட்டியாச்சு, கீ சுவிட்சும் மாத்தியாச்சு. டெஸ்ட் லேம்ப் வெச்சா எங்கேயும் பளிச்சுன்னு எரியுது. தக்காளி விலை கிடந்த கிடைக்கு ராத்திரி மார்க்கெட்டை ரெண்டு தடவை விட்டதுல அண்ணன் வெறுத்துப்போய், பழைய இரும்புக்காரர்கிட்ட விலை பேசிட்டார்.

டெஸ்ட் லேம்ப் ஏன் ஏமாத்துதுன்னா, கணக்கு அப்படி. துருவால எர்த்தில் நூத்துல ஒரு பங்கு ஓம் தடை வந்திருக்குன்னு வைங்க. 55 வாட் ஹெட்லைட் இழுக்கிறது நாலரை ஆம்பியர் சொச்சம், அந்தத் தடையில் 0.05 வோல்ட்கூட நஷ்டமாகாது. அதே வழியா செல்ஃபுக்கு 200 ஆம்பியர் போனா 2 வோல்ட் அங்கேயே காலி. டெஸ்ட் லேம்ப் இழுக்கிறது ஹெட்லைட்டைவிடக் குறைவு. அது எரியத்தான் செய்யும்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜீப் காலத்திலிருந்து ஒயரிங் பாக்குற பெரியவர் ஒருத்தர் இருக்கார். அவர் வந்ததும் ஹெட்லைட்டைப் போட்டுட்டு சாவியைத் திருகச் சொன்னார். பேட்டரி சோர்ந்திருந்தா லைட் மங்கும். இதுல லைட் அசையவே இல்லை, அப்போ கரண்ட் செல்ஃப் வரைக்கும் போய்த் திரும்பலை. அடுத்து ஆக்சிலரேட்டர் கேபிளைத் தொட்டுப் பார்த்தார். சூடு. பாலம் அறுந்தா கரண்ட் கிடைச்ச வழியில் போகும், கேபிள் இஞ்சினையும் பாடியையும் தொட்டுக்கிட்டு இருக்கிறதால அதுவே எர்த்து ஆயிடும். மீட்டரை பேட்டரி நெகட்டிவ்லயும் இஞ்சின் பிளாக்கிலயும் வெச்சு மறுபடி திருகச் சொன்னார். அரை வோல்ட்டுக்குள்ள காட்ட வேண்டியது ரெண்டைத் தாண்டுச்சு. உடனே ஜம்ப் கேபிள் ஒண்ணை நெகட்டிவ்லிருந்து பிளாக்குக்கு நேரா போட்டார். இஞ்சின் ஒரே திருகில் பிடிச்சுது.

பட்டை பாக்க முழுசாத்தான் இருந்தது. போல்ட்டுக்கு அடியில் பச்சையும் துருவும். வருஷக்கணக்கா யூரியாவும் பொட்டாஷும் ஏத்தின வண்டி, சிந்தினது ஈரத்தோட சேஸிஸில் இறங்கியிருக்கு. போதாததுக்கு எப்பவோ சேஸிஸுக்கு அடிச்ச பெயிண்ட், போல்ட்டுக்கு அடியிலயும் போயிருக்கு. பெரியவர் வெள்ளை இரும்பு தெரியுற வரைக்கும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, புதுப் பட்டையை இறுக்கி மேல கிரீஸ் தடவினார். இன்னொரு பட்டையை பேட்டரியிலிருந்து நேரா இஞ்சினுக்கும் போட்டுவிட்டார். மொத்தச் செலவு, அண்ணன் பேட்டரிக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இரும்புக்காரர் கொடுத்திருந்த அட்வான்ஸை அன்னைக்கு சாயந்திரமே போய்த் திருப்பிக் கொடுத்துட்டு, ராத்திரி லோடு ஏத்தினார்.