ரங்கப்பிள்ளை எழுதி வைத்தது



புதுச்சேரியில் ரங்கப்பிள்ளை வீதி தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். பெரிய மார்க்கெட்டுக்குப் போகும்போது நாம் எல்லோரும் கடக்கிற வீதிதான். ஆனால் அந்தப் பிள்ளை யார் என்று என் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். பாதிப் பேர் "யாரோ ஜமீன்தார்" என்றார்கள்! அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஆனந்தரங்கப் பிள்ளை 1709-ல் சென்னை பெரம்பூரில் பிறந்தவர். அப்பா திருவேங்கடம் பிள்ளை வியாபாரத்துக்காகக் குடும்பத்தோடு புதுச்சேரிக்கு வந்தார். மகன் வியாபாரம் படித்து, பிரெஞ்சுக்காரர்களிடம் பழகி, 1747-ல் கவர்னர் துய்ப்ளேயின் தலைமைத் துபாஷி ஆனார். துபாஷி என்றால் வெறும் மொழிபெயர்ப்பாளர் இல்லை. வெள்ளைக்காரக் கும்பினிக்கும் ஊர்க்காரர்களுக்கும் நடுவில் நின்று வியாபாரம், வழக்கு, தூது எல்லாம் பார்க்கிறவர்.

இந்த மனிதர் 1736 செப்டம்பரில் ஒரு காரியம் ஆரம்பித்தார். அன்றன்று கண்டதையும் கேட்டதையும் எழுதி வைப்பது. யாரும் எழுதச் சொல்லவில்லை, யாருக்கும் காட்டவும் இல்லை. 1761 ஜனவரியில் அவர் இறக்கும்வரை, ஏறக்குறைய 25 வருடங்கள் இது நடந்தது. அதே மாதத்தில்தான் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. அவர்கள் ஊரையே இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள்.

என்னதான் எழுதினார்?

எல்லாவற்றையும்! எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி மரியாதை, துணி என்ன விலை, யார் யாருக்கு எவ்வளவு லஞ்சம் கொடுத்தார்கள் என்று போகிறது. தமிழ் வருஷம், மாதம், நாழிகைக் கணக்கு எல்லாம் போட்டிருப்பார். நடை புலவர் தமிழ் இல்லை. பேச்சுத் தமிழில் தெலுங்கு, பாரசீகம், பிரெஞ்சு எல்லாம் கலந்த அன்றைய புதுச்சேரித் தமிழ்.

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததும், அதைப் பற்றி துய்ப்ளேயும் கடற்படைத் தளபதி லபூர்தொனேயும் சண்டை போட்டதும் எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் ஏழைகளை ஏமாற்றிப் பிடித்து, கப்பலில் அடிமைகளாக ஏற்றி அனுப்பிய கதை பாடப்புத்தகத்தில் இல்லை. பிள்ளையின் 1743-ஆம் வருடக் குறிப்புகளில் இருக்கிறது.

என்னை அதிகம் உலுக்கியது 1748 செப்டம்பர். ஆங்கிலேயர் ஊரை முற்றுகை போட்டிருந்த நேரம். பாதிரிகளின் கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த பழைய வேதபுரீஸ்வரர் கோயிலை அப்போது இடித்தார்கள். நாம் இன்று கும்பிடுவது பிற்காலத்தில் வேறு இடத்தில் கட்டியது. கோயில் இடிபட்டபோது தலைமைத் துபாஷி யார்? பிள்ளையேதான். அவரால் தடுக்க முடியவில்லை. மனம் வெந்து எழுதுகிறார், துய்ப்ளேயின் மனைவி மேல் பழி போடுகிறார். ஆனால் பதவியை விடவில்லை.

இங்கேதான் கவனமாகப் படிக்க வேண்டும். பிள்ளை நடுநிலையாளர் இல்லை. அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்த கனகராய முதலியார் மேல் அவருக்குப் பொறாமை உண்டு. சாதி அபிமானம் உண்டு. தன்னைத் தானே புகழ்ந்துகொள்வதும் உண்டு. ஆனாலும் அதிகாரிகள் மேலிடத்துக்கு எழுதின கடிதங்களில் மட்டும் ஒரு ஊரின் சரித்திரத்தைத் தேடினால், அந்த ஊர்க்காரர்கள் என்ன நினைத்தார்கள் என்பது கிடைக்காது. அந்த ஓட்டையை இந்த ஒரு நாட்குறிப்பு ஓரளவு அடைக்கிறது.

கிடைத்த கதை

பிள்ளை இறந்து 80 வருடங்களுக்கு மேல் இந்த ஏடுகள் குடும்பத்தாரிடமே கிடந்தன. 1846-ல் கலுவா மோம்பிரோன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டுபிடித்துப் பிரதி எடுத்தார். திருக்குறளில் ஆர்வம் கொண்டிருந்த அரியேல் என்பவரும் ஒரு பிரதி எடுத்தார், அது பாரீஸ் போனது. பிறகு சென்னை அரசாங்கம் பிரதி ஒன்றைத் தயாரித்து, அதிலிருந்து 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகள் போட்டது.

தமிழில்? புதுச்சேரியில் 1948-ல்தான் அச்சேற ஆரம்பித்தது. தமிழன் தமிழில் எழுதியதைத் தமிழில் படிக்க, ஆங்கிலப் பதிப்பு முடிந்தும் 20 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது! 12 தொகுதிகளாக அகநி பதிப்பகம் கொண்டு வந்தது 2019-ல். நடுவில் நம் ஊர் எழுத்தாளர் பிரபஞ்சன் இந்த நாட்குறிப்பை வைத்து 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்று இரண்டு நாவல்கள் எழுதினார். இரண்டாவதற்கு 1995-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. பலருக்குப் பிள்ளையைத் தெரிந்ததே அவரால்தான்.

இதில் இன்னொரு விஷயம். பிள்ளை ஒருவர் மட்டும் இல்லை. அவருக்குப் பின் அவர் குடும்பத்தாரும் எழுதினார்கள். போலீஸ் வேலை பார்த்த இரண்டாம் வீராநாயக்கர் 1778 முதல் 1792 வரை எழுதிய நாட்குறிப்பும் அச்சில் வந்திருக்கிறது. அப்படியானால் கண்டுபிடிக்க ஆள் வராமல் செல்லரித்துப் போனவை எத்தனை? பிள்ளையின் குறிப்புகளிலேயே நடுநடுவே பகுதிகள் காணாமல் போயிருக்கின்றன.

எங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் பழைய நோட்டுகள் ஒரு மூட்டை இருந்தது. மளிகைக் கணக்கு, யார் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய், எந்த வருடம் கிணறு வற்றியது, எல்லாம் அதில் உண்டு. இரண்டு வருடங்களுக்கு முன் பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது கிலோ கணக்கில் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டோம். மூட்டையைக் கீழே இறக்கிக் கொடுத்தது நான்தான். அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது.

உங்கள் வீட்டுப் பரணில் ஏதாவது இருந்தால், அடுத்த பொங்கலுக்கு முன் ஒரு தரம் பிரித்துப் பாருங்கள்.