இயன் மருத்துவமும் வைத்தியர் கடிதமும்

வைத்தியரின் கடிதமின்றி இயன் மருத்துவரை ஒருவர் நேரே நாடலாமா என்ற வினா, மேலோட்டமாக நோக்குவோர்க்கு வைத்தியசாலை நிருவாகத்தின் சிறு விவகாரமாகவே தோன்றும். அக்கடிதம் எப்போது, எவரால், எதற்காகக் கட்டாயமாக்கப்பட்டது என்று ஆராய்ந்தால், நோயைப் பற்றிய அறிவு மட்டும் அதனைப் பிறப்பிக்கவில்லை என்பது புலனாகும். பெண்ணின் உழைப்பை ஒரு சமுதாயம் எவ்வாறு மதித்தது என்ற கதையும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

முதலில் நாம் வாழும் மண்ணை நோக்குவோம். கிளிநொச்சி நகருக்குக் கிழக்கே, இரணைமடுக் குளத்து நீரை நம்பி எழுந்த குடியேற்றக் கிராமம் வட்டக்கச்சி. காடு வெட்டி வயலாக்கிய தலைமுறையின் முதுகிலும் முழங்காலிலும் அந்த உழைப்பு நோவாகத் தங்கியது. 2009 இல் முடிவுற்ற போர் அதன்மேல் வேறொரு சுமையை ஏற்றியது. கால் இழந்தோர், உடலில் எறிகணைத் துண்டுகளைச் சுமப்போர், முள்ளந்தண்டு வடம் சிதைந்து சக்கர நாற்காலியில் வாழ்வோர் எனப் பலர் வன்னியெங்கும் உளர். மாங்குளத்தில் முள்ளந்தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்கென்றே உயிரிழை என்னும் அமைப்பு இயங்குகிறதென்றால் தேவையின் அளவை நாம் ஊகிக்கலாம்.

இத்தகைய ஊரில் வயல் வரம்பிலே வழுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே என்பு முறிந்த கூலியாள் ஒருவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். மாக்கட்டு அவிழ்த்த பின் மூட்டு இறுகியிருக்கும். அதனை மடக்கி நீட்டிப் பழக்குவதற்குத் தொடக்க வாரங்களே பொன்னான காலம். அரசாங்க வைத்தியசாலைகளிலோ பெரும்பாலும் வெளிநோயாளர் பிரிவில் ஒரு நாள், கிளினிக்கில் மற்றொரு நாள், கடிதம் கிடைத்தபின் இயன் மருத்துவப் பிரிவில் இன்னொரு நாள் என்றே காரியம் நடக்கிறது. மருத்துவம் இலவசந்தான், ஆயினும் ஒவ்வொரு நாளும் ஒரு நாட்கூலியை விழுங்குகிறது. இரண்டாம் நாளோடு வராமல் நின்றுவிடுபவரைக் கவலையீனர் என்று கடிந்துகொள்வது நமக்கு எளிது.

நம்மவர் எக்காலமும் கடிதத்தோடு அலைந்தவர்களல்லர். முறிவு நெரிவு வைத்தியரிடம் அவர்கள் நேரேதான் போனார்கள். யாழ்ப்பாணத்து ஒட்டகப்புலத்துக்குப் புக்கை கட்டச் சென்றவர்களிடம் எவரும் அனுமதிச் சீட்டுக் கேட்கவில்லை. இப்பழமையை நாம் கண்மூடிப் போற்றவேண்டியதில்லை. அளவுக்கு மீறி இறுக்கிய கட்டினால் இரத்தவோட்டம் தடைப்பட்டு உறுப்பையே இழக்க நேர்வதுமுண்டு. எனினும், நோவுற்றவர் தாமே சென்று தமக்கு வேண்டிய கையைத் தேடிக்கொள்வது நம் மரபுக்குப் புதிதன்று. கடிதம் ஆங்கிலேயர் வகுத்த வைத்தியசாலை முறையோடு வந்தது. அதன் வேர் லண்டனில் இருக்கிறது.

1894 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை, உடல் பிடித்துவிடும் நிலையங்கள் சில ஒழுக்கக்கேட்டுக்கு இடமாயிருப்பதாக எழுதி ஊரைக் கலக்கியது. அவ்வாண்டிலேயே லூசி ராபின்சன், ரோசலிண்ட் பாஜெட், எலிசபெத் மான்லி, மார்கரெட் பாமர் என்னும் நான்கு பெண்கள் பயிற்சி பெற்ற மசாஜ் பணியாளர் சங்கத்தை நிறுவினர். தாதியர், மருத்துவிச்சியர் உலகிலிருந்து வந்த அவர்கள், கைத்தொழிலால் வாழ்ந்த பெண்களின் மானத்தைக் காக்க முனைந்தனர். அதற்காகத் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட விதிகளுள் முதன்மையானது, வைத்தியரின் பணிப்பின்றி எவரையும் தொடுவதில்லை என்பதாகும். மருத்துவ ஏடுகளுக்கு வெளியே விளம்பரஞ் செய்வதும் விலக்கப்பட்டது. ஆடவரான வைத்தியரின் கையொப்பமே பெண்ணுழைப்பாளியின் நன்னடத்தைச் சான்றாயிற்று! அப்பெண்களை நாம் பழிக்க முடியாது. அந்தச் சமுதாயத்தில் அவர்கள் கௌரவத்துக்குக் கொடுத்த விலை அது. 1920 இல் சங்கத்துக்கு அரச பட்டயம் கிடைத்தது. விதியோ நெடுங்காலம் நிலைத்தது.

அதனைத் தளர்த்தியவற்றுள் போரும் ஒன்று. வியத்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கப் படையில் என்பு முறிவுச் சத்திரசிகிச்சை நிபுணர்க்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. 1970களின் தொடக்கத்தில் இயன் மருத்துவரே மூட்டு, தசை நோயாளரை முதலிற் பார்க்கலாயினர். கொள்கையளவில் மறுக்கப்பட்ட ஒன்று, ஆளில்லாதபோது ஆகத்தக்கதாயிற்று. அதற்கு முன்பே, 1957 இல், நெப்ராஸ்கா மாநிலம் இதற்கு வழிவிட்டிருந்தது. 1976 இல் அவுஸ்திரேலிய இயன் மருத்துவர் சங்கம் கடித நிபந்தனையைத் தன் ஒழுக்கக் கோவையிலிருந்து நீக்கியது. மறு ஆண்டில் பிரித்தானியச் சுகாதாரத் திணைக்களத்தின் சுற்றறிக்கை, எவ்வகைச் சிகிச்சை தக்கது என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பை இயன் மருத்துவரிடமே விட்டது.

ஐயமொன்று எழும், அது நியாயமானதே. முதுகுநோவு எப்போதும் தசைநோவன்று. முள்ளந்தண்டிற் பற்றிய காசநோயாகவோ புற்றுநோயாகவோ அது இருக்கலாம். காய்ச்சல், காரணமற்ற மெலிவு, இரவில் ஓயாத நோவு, மலசலம் கட்டுப்படாமை ஆகிய குறிகளைக் கண்டால் உடனே வைத்தியரிடம் அனுப்பத் தெரிந்தவரே நோயாளியை முதலிற் பார்க்கும் தகுதியுடையவர். பேராதனையிலும் கொழும்பிலும் நான்காண்டு பயின்று பட்டம் பெறுவோர்க்கு இவ்வறிவு கற்பிக்கப்படுகிறது. ஆயினும் இலங்கை மருத்துவ சபை அவர்களை வைத்தியத்துக்குத் துணையான தொழிலினர் என்ற வரிசையிலேயே பதிகிறது.

விதி தளர்ந்த இடங்களிலும் அதன் பயன் யாரைச் சேர்ந்தது என்று கேட்காமல் விட முடியாது. பிரித்தானியாவில் 1977 க்குப் பின் கட்டணஞ் செலுத்தித் தனியார் நிலையங்களை நாடியோர்க்கு வாயில் விரைவிலே திறந்தது. பொதுச் சேவையை நம்பியிருந்தோர் பெரும்பாலும் 2000 ஆம் ஆண்டுகள் வரை காத்திருந்தனர். ஸ்கொத்லாந்தில் அப்போது நடந்த ஆய்வுகள், நேரே வந்தோரால் செலவு பெருகவில்லை, குறைந்ததென்றே காட்டின. பணமுள்ளவனுக்கு முப்பதாண்டு முந்திக் கிடைத்த உரிமை அது.

ஆதலால் வட்டக்கச்சியைப் பொறுத்தவரை கடிதத்தை நீக்கு என்ற கோரிக்கை தனித்து நிற்கக் கூடாது. அந்த வரி மாத்திரம் அழிக்கப்பட்டால், நகரத்துத் தனியார் நிலையத்தின் கதவே முதலில் அகலத் திறக்கும். கிராம வைத்தியசாலையில் இயன் மருத்துவர்க்கு நிரந்தரப் பதவி, வாரத்தில் சில நாளேனும் வீடுவீடாகச் செல்லும் ஒழுங்கு, தமிழில் நோயாளியுடன் உரையாடக்கூடியவர் ஆகிய மூன்றையும் அக்கோரிக்கையோடு சேர்த்தே கேட்கவேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு, கிளிநொச்சி பஸ்ஸின் படியும் ஒரு கடிதந்தான்.