ஏடு மீட்ட தந்தை பெயர்

பதிவேடுகளோடு நாள்தோறும் பழகும் ரயில்வே குமாஸ்தா ஒருவன் சரித்திரக் கட்டுரை எழுதப் புகுந்தால், அதுவும் பதிவேட்டைப் பற்றியதாகவே அமைவது இயல்புதானே! அமெரிக்காவில் ஆதியில் குடியேறிய ஆங்கிலேயருள் ஒருவரான ஜான் ஹௌலண்ட் என்பாரின் குடும்ப வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றேன்.

கி.பி. 1620ஆம் ஆண்டு செப்டம்பரில் ‘மேபிளவர்’ என்னும் பாய்க்கப்பல், 102 பயணிகளுடன் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்தினின்றும் புறப்பட்டது. ஜான் கார்வர் என்பவருக்குப் பணியாளாக அதில் ஏறிய இளைஞரே ஹௌலண்ட். நடுக்கடலில் புயல் வீசிய வேளையில் மேல்தட்டுக்கு வந்த அவரை அலைகள் கடலுள் எறிந்தன. நீரில் தொங்கிய பாய்க்கயிறு ஒன்று கைக்கு அகப்பட்டது. நீருள் அமிழ்ந்தும் அவர் பிடியை விடவில்லை. கப்பலில் இருந்தோர் கயிற்றை இழுத்து, கொக்கியால் பற்றி அவரை மேலே ஏற்றினர். அக்கயிறு அறுந்திருக்குமாயின், பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவராக விளங்கிய பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பிறந்திரார்; தந்தையும் மகனுமாக அப்பதவி வகித்த புஷ் இருவரும் பிறந்திரார். மூவரும் ஹௌலண்டின் வழித்தோன்றல்களே.

அதே கப்பலில், 13 வயதுச் சிறுமி எலிசபெத் டிலி தன் பெற்றோருடன் வந்திருந்தாள். புதிய மண்ணின் முதற் குளிர்காலத்திலேயே வந்தவருள் ஏறக்குறையப் பாதிப்பேர் மாண்டனர். எலிசபெத்தின் தாய், தந்தை, சிற்றப்பன், சிற்றன்னை ஆகிய நால்வரும் மறைந்தனர். குடியேற்றத்தின் முதல் ஆளுநரான கார்வரும் 1621இல் இறந்தார். சில ஆண்டுகளில் ஹௌலண்ட் எலிசபெத்தை மணந்தார். மக்கள் பதின்மர் பிறந்தனர். எண்பது வயதைக் கடந்து அவர் 1673இல் காலமானார். எலிசபெத் 1687வரை வாழ்ந்தார்.

நிற்க. தலைமுறைகள் சில கழிந்ததும் ஒரு பிழை புகுந்தது. ஆளுநர் கார்வரின் மகளே ஹௌலண்டின் மனைவி என்று வழித்தோன்றல்கள் நம்பலாயினர். அவருக்கு நாட்டிய நினைவுக் கல்லிலும் அவ்வாறே பொறித்தனர். ஆளுநரின் மருமகன் என்பது பெருமைக்குரிய உறவன்றோ! அநாதையாக நின்ற சிறுமியின் பெற்றோர் பெயர் இவ்வாறு குடும்ப நினைவினின்றும் மறைந்தது.

உண்மையை மீட்டது ஓர் ஏடு. கார்வருக்குப் பின் ஆளுநராயிருந்த வில்லியம் பிராட்போர்டு, குடியேற்றத்தின் வரலாற்றைத் தம் கையால் எழுதி, கப்பலில் வந்தோர் யாவர், அவரவர் குடும்பம் பின்னர் எவ்வாறு பெருகியது எனக் கணக்கும் குறித்திருந்தார். அமெரிக்கச் சுதந்திரப் போர்க் காலத்தில் காணாமற்போன அக்கையெழுத்து ஏடு, 1855இல் இலண்டன் பேராயரின் நூலகத்தில் இருப்பது தெரியவந்தது. மறு ஆண்டு அச்சேறியது. ஹௌலண்டின் மனைவி எலிசபெத், ஜான் டிலியின் மகள் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. ஏடு 1897இல் அமெரிக்காவுக்கே திரும்பிற்று. இங்கிலாந்தில் ஹென்லோ என்னும் சிற்றூரின் தேவாலயப் பதிவேட்டில், அவள் 1607இல் ஞானஸ்நானம் பெற்ற குறிப்பும் பிற்பாடு கிடைத்தது.

இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், ஒரு வரி எழுத்து ஒரு மகளுக்குத் தந்தையை மீட்டுத் தந்தது!

அன்பர்களே, பிழைப்பைத் தேடி ஊரைவிட்டு வந்தோர் நாமும். நம் பிள்ளைகளின் பெயருக்கு முன் நிற்கும் எழுத்துக்கள் தந்தையின் பெயரையாவது காக்கின்றன. தாயைப் பெற்ற பாட்டியின் பெயரையும், அவள் பிறந்த ஊரையும் காப்பது எது? என் மகள் அதனைக் கேட்டபோது யான் விடையறியாது விழித்தேன். ஊரிலிருக்கும் அத்தைக்குக் கடிதம் எழுதித்தான் அறிந்தேன். அத்தைக்கு வயது எண்பது. அறிந்தவர் இருக்கும்போதே கேட்டு எழுதுவோம். நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். அதில் பெண்மக்களின் பெயர்களும் தவறாது இடம்பெறுக.